பன்றிக்குப் போடும் ஊசி யாரைக் காப்பாற்றுகிறது?

வியட்நாமின் ஹோ சி மின் நகரில் வெப்பமண்டல நோய்களுக்கென்றே ஒரு பெரிய மருத்துவமனை இருக்கிறது. 1996 முதல் 2005 வரை அங்கே பாக்டீரியாவால் மூளையுறைக் காய்ச்சல் வந்திருக்கலாம் என்ற சந்தேகத்தோடு ஆய்வில் சேர்க்கப்பட்ட பெரியவர்கள் 450 பேர். அவர்களில் 151 பேருக்கு, அதாவது மூன்றில் ஒருவருக்கு, காரணம் ஒரே கிருமி. செத்தவர்கள் குறைவுதான், நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. ஆனால் மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் காது பாதிக்கப்பட்டிருந்தது. சிலருக்குக் கொஞ்சம் மந்தம், சிலருக்குச் சுத்தமாகக் கேட்கவில்லை. அந்தக் கிருமியின் பெயர் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ். அது குடியிருப்பது பன்றியின் தொண்டையில்.

இதை 2009-இல் உலகமெல்லாம் பயந்த பன்றிக்காய்ச்சலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வைரஸ், மனிதரிடமிருந்து மனிதருக்குத் தாவியது. இது பாக்டீரியா, பன்றியிடமிருந்து மனிதருக்கு வரும், அதோடு பெரும்பாலும் நின்றுவிடும். மனிதருக்கு வந்த முதல் நோயாளிகள் 1968-இல் டென்மார்க்கில் பதிவானார்கள். 2012 முடிய உலகம் முழுவதும் பதிவானவர்கள் சுமார் 1,600 பேர், அதில் பெரும்பங்கு தாய்லாந்து, வியட்நாம், சீனா மூன்றும்தான். முதுகுத் தண்டு நீரை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் வசதி இல்லாத சிற்றூர் ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேர் வெறும் 'மூளைக்காய்ச்சல்' என்று எழுதப்பட்டுப் போயிருப்பார்கள் என்பதையும் சேர்த்து யோசித்தால், இந்த எண்ணை அடிமட்டக் கணக்காகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சரி, பன்றியிலிருந்து வருகிறதென்றால் பன்றிக்கே தடுப்பூசி போட்டுவிடலாமே, இதில் என்ன சிக்கல்? நியாயமான கேள்வி. பதில்தான் கொஞ்சம் சுற்றி வரும்.

முதலில் கிருமி எப்படி வருகிறது என்று பார்க்கலாம். ஐரோப்பாவில் இது தொழில் நோய். பன்றிப் பண்ணையில் வேலை செய்பவர், கசாப்புக்காரர், அறுப்புக்கூடத் தொழிலாளி ஆகியோரின் கையில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் போதும், இரத்தமும் சளியும் படும்போது உள்ளே போய்விடும். நெதர்லாந்தில் 1980-களில் போட்ட கணக்கின்படி, இந்தத் தொழில்களில் இருப்பவர்களுக்கு இந்த மூளையுறைக் காய்ச்சல் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 1,500 மடங்கு அதிகம். அப்படியும் ஆண்டுக்கு லட்சத்தில் மூன்று பேர்தான் என்பது வேறு விஷயம். தென்கிழக்கு ஆசியாவில் இதோடு சாப்பாடும் சேர்கிறது. வியட்நாமில் தியெத் கான் என்று ஒரு பண்டம் உண்டு. பன்றியின் புது இரத்தத்தை உடனே உறையாமல் மீன் சாறு கலந்து வைத்திருந்து, பொடியாக நறுக்கிய வெந்த இறைச்சியின் மேல் ஊற்றி உறையவிட்டு, வேர்க்கடலையும் கீரைத் தழைகளும் தூவிப் பரிமாறுவார்கள். வட தாய்லாந்திலும் பச்சை இறைச்சியும் பச்சை இரத்தமும் சேர்ந்த பண்டங்கள் உண்டு. கல்யாணம், சாவு, திருவிழா என்று ஊர் கூடும் இடத்திலெல்லாம் அவை இருக்கும். நம் ஊரில் பன்றிக்கறியைக் குழைய வேகவிடாமல் யாரும் இறக்குவதில்லை என்பதால் இந்த வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிடுகிறது, ஆனால் கையுறை இல்லாமல் பன்றி அறுப்பவரின் வெட்டுக்காயம் எந்த ஊரிலும் வெட்டுக்காயம்தான்.

அப்படியானால் மக்களிடம் 'பச்சையாகச் சாப்பிடாதீர்கள்' என்று சொன்னால் போதாதா? சொல்லிப் பார்த்தார்கள். தாய்லாந்தின் பயாவ் மாகாணத்தில் 2007-இல் பெரிய அளவில் நோய் பரவியது. பின்னர் 2011-இல் அங்கே உணவுப் பாதுகாப்புப் பிரசாரம் ஒன்று முறையாக நடந்தது. முதல் இரண்டு ஆண்டு நோயாளிகள் எண்ணிக்கை இறங்கியது, மூன்றாம் ஆண்டு மறுபடி ஏறியது. தாத்தா காலத்திலிருந்து சாப்பிட்டு ஒன்றும் ஆகாத பண்டத்தை ஒரு சுவரொட்டியைப் பார்த்து விடுவார்களா என்ன? எனவே பன்றியின் பக்கமிருந்து அடைக்க முடிந்தால் நல்லது என்ற யோசனை சும்மா வந்ததில்லை.

பன்றிக்கு பாக்டீரியாத் தடுப்பூசி போடுவதும் புதிதில்லை, அது 140 வருஷக் கதை. 1880-களில் பிரான்சில் பன்றிகள் உடம்பெல்லாம் சிவந்து கூட்டம் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. லூயி பாஸ்டரின் உதவியாளர் லூயி துய்யே 1882-இல் அந்தக் கிருமியைப் பிடித்தார். இன்று அதற்கு எரிசிபெலோத்ரிக்ஸ் என்று பெயர். பாஸ்டரும் அவரும் தென் பிரான்சின் பொல்லேன் பக்கம் போய் ஆராய்ந்தபோது ஒரு விசித்திரம் தெரிந்தது: கிருமியைப் புறா உடம்பில் திரும்பத் திரும்பச் செலுத்தி எடுத்தால் பன்றிக்கு அது இன்னும் கொடூரமாகிறது, முயலில் செலுத்தி எடுத்தால் முயலுக்குக் கொடூரமாகி பன்றிக்குச் சாதுவாகிறது. அந்தச் சாதுவான கிருமியே 1883-இல் தடுப்பூசியானது. அதே ஆண்டு காலரா ஆராய்ச்சிக்காக எகிப்து போன துய்யே, அங்கேயே காலரா வந்து இறந்துபோனார். வயது 27தான். அடுத்த பத்தாண்டுக்குள் பிரான்சில் ஒரு லட்சத்துக்கும் மேல், ஹங்கேரியில் பத்து லட்சத்துக்கும் மேல் பன்றிகளுக்கு அந்த ஊசி போட்டார்கள்.

இந்தக் கிருமியும் மனிதருக்கு வருவதுதான். கசாப்புக்காரர், மீன் வெட்டுபவர் ஆகியோரின் விரலில் ஊதா நிறத்தில் வீங்கி விண்ணென்று தெறிக்கும். அபூர்வமாக இரத்தத்தில் கலந்து இதய வால்வு வரை போகும். இன்று பெரிய பண்ணைகளில் தாய்ப்பன்றிக்கு இந்தத் தடுப்பூசி வழக்கமான ஒன்று, எலிக்காய்ச்சல் கிருமிக்கான தடுப்பு மருந்தோடு சேர்த்தே ஒரே ஊசியாகவும் வருகிறது. ஏன் இது எளிதாக முடிந்தது? பன்றிக்கு நோய் தரும் எரிசிபெலோத்ரிக்ஸில் வகைகள் நிறைய இல்லை, பெரும்பாலும் ஒன்றிரண்டு வகைதான். அதன் மேற்பரப்பில் ஒரு புரதம் துருத்திக்கொண்டு நிற்கிறது. அந்தப் புரதத்துக்கு எதிராக உடம்பு ஆன்டிபாடி, அதாவது கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்புப் புரதம், செய்துவிட்டால் கிருமி மாட்டிக்கொள்ளும்.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸிடம் இந்தச் சௌகரியம் எதுவும் கிடையாது.

முதலில் அதன் வகைகள். மேலுறையில் இருக்கும் சர்க்கரைப் பொருளை வைத்து இதை முப்பதுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். மனிதரைத் தாக்குவது பெரும்பாலும் இரண்டாம் எண், அதற்கு அடுத்து பதினான்கு. ஐரோப்பியப் பண்ணைகளில் குட்டிகளைக் கொல்வதில் ஒன்பதாம் எண்ணுக்குப் பெரிய பங்கு. ஒரு வகைக்கான ஊசி இன்னொரு வகைக்குச் சரியாக வேலை செய்யாது.

அடுத்தது அந்த மேலுறையே. இரண்டாம் வகையின் மேலுறையில் சியாலிக் அமிலம் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது, பன்றியின் சொந்தச் செல்களின் மேலும் அதே பொருள்தான் இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு இந்தக் கிருமி வீட்டு ஆள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த திருடன் மாதிரி, பக்கத்தில் போனாலும் சந்தேகம் வருவதில்லை. வெறும் மேலுறைச் சர்க்கரையை ஊசியாகப் போட்டால் உடம்பு கண்டுகொள்வதே இல்லை. இதைச் சமாளிக்க மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் மரியேலா செகுரா, மார்செலோ காட்ஷாக் குழுவினர் மேலுறைச் சர்க்கரையை நச்சு நீக்கிய டெட்டனஸ் புரதத்தோடு ஒட்டவைத்துப் பன்றிக்குப் போட்டுப் பார்த்தார்கள், பாதுகாப்பு கிடைத்தது. குழந்தைகளுக்குப் போடும் நிமோனியாத் தடுப்பூசியும் இதே உத்திதான். ஆனால் குழந்தைக்குப் போடும் ஊசிக்குக் கொடுக்கும் விலையை ஆறு மாதத்தில் கறிக்குப் போகப்போகும் பன்றிக்கு யார் கொடுப்பார்கள்? கால்நடைத் தடுப்பூசியில் எப்போதும் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கும், நல்ல நல்ல யோசனைகள் எல்லாம் இந்த இடத்தில்தான் விழுந்திருக்கின்றன.

மூன்றாவது சிக்கல் வயது. மனிதக் குழந்தைக்குத் தாயின் ஆன்டிபாடி கருவிலேயே போய்விடும். பன்றிக் குட்டிக்கு அப்படிப் போகாது, நஞ்சுக்கொடி விடாது. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில்தான் எல்லாம் வர வேண்டும். அந்த ஆன்டிபாடி நாள் போகப் போகக் கரையும். பெரிய பண்ணைகளில் மூன்று நான்கு வாரத்தில் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து, வேறு வேறு தாயின் குட்டிகளோடு ஒரே கொட்டகையில் அடைத்து, தீவனத்தையும் மாற்றிவிடுவார்கள். பால் மறந்த அதிர்ச்சி, சண்டை, புது இடம், தாயின் பாதுகாப்பும் வடிந்துவிட்ட நேரம், எல்லாம் சேர்ந்து வருகிறது. சரியாக அப்போதுதான் தொண்டையில் சும்மா இருந்த கிருமி இரத்தத்துக்குள் இறங்கும். காலையில் நன்றாக இருந்த குட்டி சாயங்காலம் ஒருக்களித்துப் படுத்துக் கால்களைத் துடுப்புப் போடுவதுபோல் அடித்துக்கொண்டிருக்கும், இன்னொன்று மூட்டு வீங்கி நொண்டும், இன்னொன்று எந்த அறிகுறியும் காட்டாமல் செத்துக் கிடக்கும். குட்டிக்கு முன்கூட்டியே ஊசி போடலாமே என்றால், தாயின் ஆன்டிபாடி இன்னும் உடம்பில் இருக்கும்போது போட்ட ஊசி சரியாக ஏறாது, அது கரையட்டும் என்று காத்திருந்தால் நோய் முந்திக்கொள்ளும். தாய்க்கே ஊசி போட்டால் பால் குடிக்கும் வரை காக்கிறது, எட்டு வாரக் குட்டியைக் காப்பதில்லை. இந்த இடைவெளியை அடைப்பதற்குத்தான் முப்பது வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் பண்ணைக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? அந்தந்தப் பண்ணையின் கிருமியை எடுத்து, ஃபார்மலின் போன்ற ஒன்றால் கொன்று, உடம்பின் எதிர்ப்பைத் தூண்டும் ஊக்கப் பொருள் கலந்து, அதே பண்ணையின் பன்றிகளுக்கே ஊசியாகப் போடுகிறார்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் இது சர்வ சாதாரணம். கேட்க நன்றாக இருக்கும், பலன்தான் ஒரு பண்ணையில் தெரியும், இன்னொன்றில் தெரியாது. எந்தப் பன்றியிலிருந்து, எந்த உறுப்பிலிருந்து கிருமி எடுத்தார்கள் என்பதிலேயே பாதி விஷயம் இருக்கிறது. தொண்டையிலோ மூக்கிலோ பஞ்சு விட்டுத் துடைத்தால் தீங்கில்லாத நூறு உறவுக்காரக் கிருமிகள் வரும். செத்த குட்டியின் மூளையிலிருந்தோ மூட்டிலிருந்தோ இதயத்திலிருந்தோ எடுத்தால்தான் குற்றவாளி கிடைப்பான். அதுவும் ஒரே பண்ணையில் இரண்டு மூன்று வகை ஒன்றாக இருப்பதுண்டு, ஊசி தயாராகி வரும் வாரங்களுக்குள் வேறு வகை தலைதூக்குவதும் உண்டு.

ஊசி கைகொடுக்காத இடத்தை ஆன்டிபயாடிக் நிரப்பியது. பால் மறந்த குட்டிகளுக்குத் தண்ணீரிலும் தீவனத்திலும் அமாக்சிசிலின் கலந்து கொடுப்பதற்கு உலகெங்கும் முக்கியமான சாக்கு இந்த நோய்தான். 2022 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம், நோய் வராமலிருக்கக் கூட்டத்துக்கே மருந்து கலப்பதைத் தடைசெய்தது. அதே ஆண்டு ஜூனில் குட்டிகளின் வயிற்றுப்போக்குக்குக் கொடுத்துவந்த துத்தநாக ஆக்சைடு மருந்தும் நின்றது. அதற்குப் பிறகுதான் இந்தத் தடுப்பூசி ஆராய்ச்சியில் பணம் கொஞ்சம் வேகமாக ஓடுகிறது. மனிதருக்குக் காது போகிறதே என்பதற்காக ஓடியதைவிட இது அதிகம் என்று நினைக்கிறேன். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை, காசு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் ஊசி எதை நோக்கிச் செய்யப்படுகிறது என்பதும் புரியும்.

ஏனென்றால் ஒரு தடுப்பூசி இரண்டு வேறு வேலைகளைச் செய்யலாம். ஒன்று, கிருமி இரத்தத்தில் இறங்கி மூளைக்கும் மூட்டுக்கும் போவதைத் தடுப்பது. இன்னொன்று, கிருமி தொண்டையில் குடியிருப்பதையே ஒழிப்பது. இன்றுவரை பன்றிக்குச் செய்யப்பட்ட சூயிஸ் தடுப்பூசிகள் பெரும்பாலும் முதல் வேலைக்காகச் செய்யப்பட்டவை. குட்டி சாகாமல் இருந்தால் பண்ணைக்காரருக்குப் போதும். ஊசி போட்டுக் கொழுத்து வளர்ந்து அறுப்புக்கூடத்துக்கு வரும் பன்றியின் தொண்டையில் கிருமி அப்படியே இருக்கும். 2006-07 வாக்கில் தென் வியட்நாமின் அறுப்புக்கூடங்களில் 542 பன்றிகளைச் சோதித்தார்கள். நூற்றுக்கு 41-இல் இந்தக் கிருமி இருந்தது, நூற்றுக்கு 8-இல் மனிதரைத் தாக்கும் இரண்டாம் வகையே இருந்தது. அவை நோயுற்ற பன்றிகள் இல்லை, கறிக்காக வந்தவை.

அதற்காக முதல் வேலை மனிதருக்கு உதவாது என்று சொல்லிவிட முடியாது. 2005 கோடையில் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 215 பேருக்கு நோய் வந்து 38 பேர் செத்தார்கள். வியட்நாமின் மூளையுறைக் காய்ச்சலைப் போல் இல்லாமல் பலருக்கு ஒன்றிரண்டு நாளிலேயே இரத்த அழுத்தம் விழுந்து, உறுப்புகள் ஒவ்வொன்றாக நின்றுபோயின. விசாரித்துப் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லோருமே வீட்டுக் கொல்லையில் நாலைந்து பன்றி வைத்திருந்த ஏழை விவசாயிகள். நோயில் விழுந்த பன்றியை வீணாக்க மனமில்லாமல் தாங்களே அறுத்தவர்கள். நோயுற்ற பன்றியின் இரத்தத்தில் கிருமி கொழித்துக் கிடக்கும், ஆரோக்கியமான பன்றியின் தொண்டையில் இருப்பதோடு ஒப்பிடவே முடியாது. அரசாங்கம் நோயுற்ற பன்றிகளை அறுக்கத் தடைபோட்டது, குவாங்டாங்கில் தயாரித்த தடுப்பூசியை விமானத்தில் கொண்டுவந்து போட்டது, சில வாரங்களில் நோய் அடங்கியது. இரண்டில் எது அடக்கியது என்று கேட்டால், அறுப்பதை நிறுத்தியதுதான் முதல் காரணம் என்பேன். ஆனால் அப்படிப்பட்ட ஊரில் முன்கூட்டியே ஊசி போட்டிருந்தால் அறுப்பதற்கு அத்தனை நோய்ப் பன்றிகளே இருந்திருக்காது.

இரண்டாவது வேலையைச் செய்யும் ஊசி வந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கோழி முட்டை ஒரு சாட்சி. 1997-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முட்டையோடு வந்த ஒரு குறிப்பிட்ட சால்மனெல்லா வகையால் நோயுற்றதாகப் பதிவானவர்கள் 14,771 பேர். 1998 முதல் முட்டைக் கோழிகளுக்குப் பரவலாகத் தடுப்பூசி போட்டார்கள், கொட்டகைச் சுத்தம், எலி ஒழிப்பு எல்லாமும் கூடவே நடந்தது. 2009-இல் அந்த எண் 581. அந்த ஊசி கோழிக்குள்ளும் முட்டைக்குள்ளும் கிருமி சேர்வதையே குறைத்தது. கோழிக்கு அந்தக் கிருமியால் பெரிய நோயும் இல்லை, அதாவது அது மனிதருக்காகவே கோழிக்குப் போட்ட ஊசி. செலவை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம், முட்டை வாங்குபவர் பயந்து வாங்காமல் விட்டார், கடைகள் ஊசி போட்ட கோழியின் முட்டைதான் வேண்டும் என்று அடம்பிடித்தன. சூயிஸால் காது போகிறவர் வியட்நாமிலோ தாய்லாந்திலோ ஒரு கிராமத்து ஆள், அவர் அடம்பிடித்து யாருடைய வியாபாரமும் நிற்கப் போவதில்லை.

ஆராய்ச்சிக்கூடங்களில் புதிதாக நடப்பவை ஓரளவு நம்பிக்கை தருகின்றன. இந்தக் கிருமி பன்றியின் ஐஜிஎம் என்ற ஆன்டிபாடியை மட்டும் குறிபார்த்து வெட்டும் ஒரு புரதத்தை வைத்திருக்கிறது. வகை எண் எதுவானாலும் பெரும்பாலான சூயிஸிடம் அந்தக் கத்தரி உண்டு. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃப் பாம்ஸ் குழுவினர் அந்தப் புரதத்தையே ஊசியாக்கினார்கள். குட்டிக்குப் போட்டாலும் பலன், தாய்க்குப் போட்டுச் சீம்பால் வழியாகக் குட்டிக்குப் போனாலும் பலன் தெரிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தினர் உலகெங்கும் சேகரித்த கிருமிகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டு இன்னொன்று காட்டினார்கள்: மனிதரை நோயில் தள்ளும் சூயிஸ் தனி இனமே இல்லை, பன்றியை நோயில் தள்ளும் அதே கூட்டத்தின் ஒரு பகுதிதான், அந்தக் கொடூரக் கிளைகள் உருவானது 19, 20-ஆம் நூற்றாண்டுகளில், பன்றி வளர்ப்பு பெருகிய காலத்தில், பிறகு கண்டம் விட்டுக் கண்டம் பன்றிகளை விற்றபோது கூடவே பயணம் செய்திருக்கின்றன. ஆகவே கொடூரக் கிளைகளுக்குப் பொதுவான புரதங்களைக் குறிவைத்து ஒரு ஊசி வந்தால், தொண்டையில் சாதுவான உறவுக்காரர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், ஆபத்தானவை மட்டும் குறையும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

ஆனால் இந்தச் சோதனைகளில் வழக்கமாக எண்ணப்படுவது எத்தனை குட்டி செத்தது, எத்தனைக்கு மூட்டு வீங்கியது, காய்ச்சல் எவ்வளவு என்பதுதான். ஆறு மாதம் கழித்து அறுப்புக்கூடத்தில் அதே பன்றியின் தொண்டையைத் துடைத்து இரண்டாம் வகை இருக்கிறதா என்று பார்ப்பது தனிச் செலவு, ஊசி விற்கும் நிறுவனத்துக்கு அது தேவையும் இல்லை. பிறகு இன்னொன்று, வியட்நாமில் பன்றி வளர்ப்பவர்களில் ஏராளமானோர் ஒன்றிரண்டு தாய்ப்பன்றியும் கொஞ்சம் குட்டியும் வைத்திருக்கும் வீட்டுக்காரர்கள். செத்த குட்டியின் மூளையை ஆய்வகத்துக்கு அனுப்பி, கிருமி வளர்த்து, தனக்கென்று ஊசி செய்து வாங்கும் முறை அவர்களுக்குச் சாத்தியமில்லை. குளிர்பெட்டியில் வந்து, ஒரே தடவை போட்டு, விலை ஒரு வேளைத் தீவனத்துக்குள் முடியும் ஊசியாக இருந்தால்தான் அந்த வீட்டுக் கொட்டகைக்குள் நுழையும்.